அனுப்பத் தம்பி இல்லை
திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் தமிழ் ஒலிப்பது இன்று நேற்றல்ல. முன்னாளில் நம் வீடுகளில் ஒருவன் கல்லாவில் அமர்ந்தால், அவன் தம்பி கல்லூரிக்குச் சென்றான். இன்றோ, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்திலும் தமிழகத்திலும் பெண்ணொருத்திக்குச் சராசரி 1.8 குழந்தைகளே, மக்கள்தொகை குன்றாதிருக்க 2.1 வேண்டும். வெளிநாட்டு வேலையை நம்பலாமெனில், 1990இல் போரால் குவைத்திலிருந்து திரும்பியோரை நாம் கண்டோம்.

ஆலப்புழையில் 1855இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுந்தரம் பிள்ளை, இந்நகரக் கல்லூரியில் தத்துவம் போதித்தவாறே 1891இல் 'மனோன்மணீயம்' அளித்தார். மலையாள மண்ணில் தமிழ் அவருக்குச் சுமையாகவில்லை, வலிமையாயிற்று. அத்தகைய அறிவு நம் வீட்டு ஒற்றைப் பெண்ணிடமும் இருக்கலாம். கடைக்கு ஆளில்லையென்று அவளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தினால், அவளுக்குப் பதிலாகக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் தம்பி இல்லை.