நாயும் நாமும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

இன்று நான் பேசவிருக்கும் பொருளை நம் செயலாளரிடம் அறிவித்தபொழுது அவர் சற்றுத் தயங்கினார். "மாஸ்ரர், விழா மேடையிலே நாயைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்றார். அவர்மீது குற்றமில்லை. நாய் என்பது நம்மவர் வாயில் வசைச் சொல்லாகிப் பல காலமாயிற்று. ஆயினும் நம்முடைய ஒழுங்கைகளில் வைரவர் சூலம் இல்லாத சந்தி எத்தனை உண்டு? அவர் வாகனம் எது? அந்தக் கல் நாய்க்கு எண்ணெய் வைக்கிறோம், பொட்டிடுகிறோம், மாலை சூட்டுகிறோம். அதே கோயில் வீதியில் உயிருள்ள நாயொன்று வந்து படுத்தால் கல்லெடுக்கிறோம். மணிவாசகப் பெருமான் திருவாசகத்திலே எத்தனையோ இடங்களில் தம்மை நாயோடு ஒப்பிட்டு உருகுகிறார். மார்கழி விடியலில் அதைப் பாடிக்கொண்டு போகும் நாங்கள், பின்னால் ஓடிவரும் நாயைச் சேமக்கலக் கம்பாலே துரத்துகிறோம். இளமையில் நானும் துரத்தியிருக்கிறேன்.

பாரதம் நாம் எல்லாரும் அறிந்த கதை. அது ஒரு நாயோடு தொடங்கி ஒரு நாயோடு முடிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆதி பருவத்தின் தொடக்கத்திலே சனமேசயனுடைய வேள்விச் சாலைக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அரசனுடைய தம்பியர் அதை அடித்துத் துரத்துகிறார்கள். அது அழுதுகொண்டு தாயிடம் ஓடுகிறது. தாய் சரமை வேள்விச் சாலைக்கே வந்து, "என் பிள்ளை எதையும் நக்கவில்லை, எதையும் நோக்கவுமில்லை. ஏன் அடித்தீர்கள்?" என்று கேட்கிறாள். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்து சேரும் என்று அவள் சபித்துப் போகிறாள். மாமன்னன் நடுங்கிப் போகிறான். இனி முடிவைப் பாருங்கள். திரௌபதியும் தம்பியர் நால்வரும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துபட, தருமரோடு கடைசிவரை நடந்தது நாயொன்றே. இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். அண்டிவந்ததைக் கைவிட்டுக் கிடைக்கும் சுவர்க்கம் எனக்கு வேண்டாமென்று தருமர் மறுக்கிறார்.

இதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ ஆண்டுகள் படிப்பித்தேன். ஆனால் எனக்கு அந்தச் சோதனை வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதை இந்தச் சபையிலே சொல்லாமல் மேலே பேசுவது நேர்மையன்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்த அந்த நாளை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். மழை. செம்மணி வெளியிலே காலெடுத்து வைக்க இடமில்லை. அம்மா சைக்கிள் கரியரில், இரண்டு பைகள் கைபிடியில், நான் உருட்டிக்கொண்டு போகிறேன். எங்கள் வீட்டு நாய் மணி சக்கரத்தோடு ஒட்டியபடி வந்துகொண்டிருந்தது. சனக்கூட்டத்தில் அது இடறுப்பட்டு எல்லாரும் ஏசினார்கள். நாவற்குழிப் பாலத்துக்குச் சற்று இப்பால் நான் கையை ஓங்கி, "வீட்டை போ!" என்று அதட்டினேன். சொல்வழி கேட்கும் நாய் அது. ஒருமுறை திரும்பிப் பார்த்தது, போய்விட்டது.

அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தோம். ஊரைவிட்டுப் போகாமல் இருந்த கிழவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, உங்கடை நாய் படலையடியிலை கனநாள் கிடந்தது. நான் போட்டதைத் தின்னேல்லை." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அன்றைய நிலையில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

அது போர்க்காலம். இன்று ஒருவரும் நம்மைத் துரத்தவில்லை. ஆனால் நாயைக் கைவிடுவது மட்டும் நிற்கவில்லை. நம் ஊர் வைரவர் கோயிலடிக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள். மாதம் ஒருமுறையாவது உரப்பையொன்று கிடக்கும். அவிழ்த்தால் நாலைந்து குட்டிகள், பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். கடுவனைத் தமக்கு வைத்துக்கொண்டு பெட்டையைச் சுவாமிக்கு விட்டுப் போகிறார்கள். சந்தையிலும் இதே கதைதான். கொண்டுவந்து விடுபவர் கொடியவர் அல்லர். "கோயிலடியென்றால் யாரும் சோறு போடுவார்கள்" என்ற எண்ணத்தோடுதான் விடுகிறார். அந்த எண்ணத்தைத் தான் நான் குறை சொல்கிறேன். இன்னொருவர் கருணையை நம்பி நாம் செய்யும் தர்மம் எப்படித் தர்மமாகும்? கண் திறந்து சில நாளேயான குட்டி தாய்ப்பாலின்றி இரண்டு நாள் தாங்காது. தப்பிப் பிழைக்கும் பெட்டையோ ஓராண்டு நிரம்புமுன்னரே சினைப்படக் கூடியது. சினைக்காலம் இரண்டு மாதந்தான். கட்டாக்காலி நாய் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வொன்றின் வழியைத் தேடிப் பின்னே போனால் அது யாரோ ஒருவருடைய படலையிலே போய் முடியும்.

நாய் பெருகினால் வரும் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. விசர்நாய்க்கடி நோய் கண்டபின் பிழைத்தவர் இல்லையென்றே சொல்லலாம். 1885ஆம் ஆண்டு யூலையில் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிஞர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்தேற்றிக் காப்பாற்றினார். நமது நாட்டிலோ அதன் பிறகும் நெடுங்காலம் நாயைக் கொல்வதே வழியென்று கருதப்பட்டது. 1893இல் விசர்நாய்க்கடி தொடர்பான கட்டளைச் சட்டமும் 1901இல் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் வந்தன. எத்தனையோ ஆயிரம் நாய்கள் கொல்லப்பட்டன. ஆயினும் 1973ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் இந்நோயால் 377 பேர் மாண்டனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலையும், கடியுண்டவர்க்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச மருந்தும் பரவிய பின்பே அந்தத் தொகை படிப்படியாகக் குறைந்து சில பத்துக்களுக்கு வந்தது. 2006இல் கொல்லும் முறையையும் அரசாங்கம் கைவிட்டது.

ஏன் கொல்வதால் பயனில்லை? ஊசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றுவிட்டால், வெறுமையான அந்த இடத்துக்கு அயலூரிலிருந்து ஊசி போடாத நாய் வந்து சேரும். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு 70க்கு ஊசி போட்டிருந்தால் நோய் பரவ வழியின்றி அடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆகவே தெருவில் திரியும் ஒரு நாயை நீங்கள் வீட்டுக்கு எடுத்து ஊசி போடுவிப்பது அந்த நாய்க்கு மட்டும் செய்யும் உதவியன்று. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதில் பங்குண்டு. நாய் கடித்துவிட்டாலோ, உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மிளகாய்த்தூள் வைப்பது, பார்வை பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு கூட வேண்டாம்.

இப்பொழுது எங்கள் வீட்டிலுள்ள சின்னியைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் கோயில் வேம்படியில் கிடந்த பெட்டை. மோட்டார் சைக்கிள் அடித்துப் பின்கால் ஒன்று ஊனம்; உடம்பெல்லாம் சொறி. "வளர்ந்த நாய் பழகாது, குட்டியாய் எடுங்கள்" என்று பலரும் சொன்னார்கள். அது தவறென்பதை நான் அனுபவத்திற் கண்டேன். ஆனால் பொறுமை வேண்டும். முதல் வாரம் அது குசினிப் பின்புறத்து விறகுக் குவியலை விட்டு வெளியே வரவில்லை. கையை உயர்த்தினால், தலையைச் சொறியத்தான் உயர்த்தினாலும், சுருண்டு சிறுநீர் விட்டுவிடும். நான் ஒன்றும் செய்யவில்லை. சிரட்டையில் தண்ணீர், ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சோறும் மீனும் வைப்பேன். அருகே வாங்கில் இருந்து பத்திரிகை வாசிப்பேன். அதைப் பார்க்கவும் மாட்டேன். பத்தொன்பதாம் நாள் என் காற்பெருவிரலிலே ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்க்கவேண்டுமென்ற ஆசையை அடக்கிக்கொண்டு பத்திரிகையின் மரண அறிவித்தல்கள் முழுவதையும் வாசித்து முடித்தேன்.

பின்பு கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். பூச்சி மருந்து, சொறிக்கு மருந்து, விசர்த் தடுப்பூசி. உடம்பு தேறியபின் கருத்தடைச் சத்திரசிகிச்சை. "பாவம், ஒருமுறையாவது குட்டி போட விட்டிருக்கலாம்" என்றார் என் தமக்கையார். "அக்கா, அந்தக் குட்டிகளில் எத்தனையை நீங்கள் எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

இளைஞர்களுக்குச் சில வார்த்தை. படத்தில் கண்டு, பனிநாட்டு நாயைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, நம் சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலில் இளைக்க விடுகிறவர்களை நான் அறிவேன். நம் ஊர் நாய்க்கு இந்த வெயிலும் இந்தச் சோறும் பழக்கம். எடுக்குமுன் வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். பெரும்பாலும் சோறு வைக்கப் போவது அம்மா தான். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம், சிலவேளை அதற்கு மேலும் இருக்கும். இன்று பதினெட்டு வயதான உங்களுக்கு அது முடியும்போது முப்பது. இடையில் படிப்பு, உத்தியோகம், கலியாணம், வெளிநாடு எல்லாம் வரும். கனடாவுக்கு விசா வந்த வாரத்தில் நாயைச் சந்தையடியில் இறக்கிவிட்டுப் போன வீடுகள் நம் ஒழுங்கையிலேயே உண்டு. போவதைக் குறை சொல்லவில்லை. போகுமுன் அதற்கொரு வீடு தேடுவது விமானச் சீட்டெடுப்பதைப் போல உங்கள் வேலைகளில் ஒன்று.

எடுத்த நாயை இராப்பகலாகச் சங்கிலியிற் கட்டாதீர்கள்; கட்டிய நாய்க்குத் தான் மூர்க்கம் ஏறும். அதற்காக அவிழ்த்துத் தெருவிலும் விடாதீர்கள், வேலியை அடையுங்கள். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும், போடாதீர்கள். வருடந்தோறும் ஊசிக்குரிய அட்டையைப் பிள்ளைகளின் அட்டைகளோடு சேர்த்து வையுங்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமையும் வேம்படியில் ஓர் உரப்பை கிடந்தது. உள்ளே ஐந்து. ஒன்று இறந்துவிட்டது. நாலு குட்டிகள், மூன்று பெட்டை, ஒரு கடுவன், மடத்தின் பின் அறையில் இருக்கின்றன. ஆட்டுப்பால் விட்டு நம் மன்றத்துப் பிள்ளைகள் இருவர் பார்த்து வருகிறார்கள். கடுவனைக் கேட்டு ஏற்கெனவே மூன்று பேர் வந்துவிட்டார்கள். பெட்டைகளைக் கேட்டு இன்னும் ஒருவரும் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் நான் மடத்து வாசலில் இருப்பேன். ஊசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் வைத்தியரிடம் கூட்டிப்போவது என் பொறுப்பு.