சாயம் போகும், உப்பு எங்கே போகும்?

சாப்பாட்டுக்கு முன்னால் பேச வருகிறவன் நீட்டி முழக்கக் கூடாது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

திருப்பூர் சாயக்கழிவு என்றாலே நொய்யலில் ஓடிய கலர் தண்ணீர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கலரை எடுப்பது பெரிய காரியமில்லைங்க. உண்மையான வில்லன் உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு போட்டே ஆகவேண்டும். சாயமாவது பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும். உப்போ கழுவுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டாலும் பாக்டீரியா வளர்த்தாலும் அது அசையாது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் இந்தத் தண்ணீர்தான் தேங்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுநீர் வெளியேறவே கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது; 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடவே உத்தரவு வந்தது.

மெம்பரேன் இல்லாமல் இனி வழியில்லை என்று ஆனது அப்படித்தான். ஆர்.ஓ. சவ்வு சாயம், உப்பு இரண்டையும் நிறுத்தி நல்ல தண்ணீரைக் கொடுக்கும். ஆனால் சும்மா கொடுக்காது. லிட்டருக்கு 7 கிராம் உப்பு இருந்தால் அதன் சவ்வூடு அழுத்தம் 5 பாருக்குக் கொஞ்சம் மேல். தண்ணீரை எடுக்க எடுக்க மிச்சம் கெட்டியாகி 50 கிராமைத் தொட்டால், அழுத்தம் 40 பாரை நெருங்கும். பம்ப் அதையும் மீறித் தள்ளவேண்டும். அதற்கு மேல் எவாப்பரேட்டர்தான். செலவு விழுங்குவதே அங்கேதான்.

அதனால் நானோ சவ்வை எனக்குப் பிடிக்கும். சாயத்தைத் தடுத்து, சாதா உப்பில் பெரும்பகுதியை விட்டுவிடும். அந்த உப்புத் தண்ணீரை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பலாம். கிளாபர் உப்பு போட்டிருந்தால் இந்தக் கணக்கு தப்பும். சல்பேட்டும் சாயத்தோடு சேர்ந்து நின்றுவிடும். பட்டறைக்காரர் எந்த உப்பு போடுகிறார் என்று கேட்காமல் சவ்வுக்கு ஆர்டர் போடாதீர்கள், தம்பி. இன்னொன்று, பாலிஅமைடு சவ்வுக்குக் குளோரின் ஆகவே ஆகாது. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினை முழுக்க எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும்.

எல்லாம் முடிந்தும் கடைசியில் கலப்பு உப்பு மிஞ்சும். சாயமும் இரண்டு உப்பும் கலந்த அதை யாரும் வாங்குவதில்லை. மூட்டை மூட்டையாகக் கூரைக்குக் கீழே கிடக்கிறது. இறுதியாண்டுப் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள், அந்த மூட்டையில் ஒரு கிலோ கேட்டு வாங்கி லேபில் பிரித்துப் பாருங்கள். வருகிறவர்களை பிளாண்டுக்குக் கூட்டிப்போய்க் காட்ட நான் தயார்.