இணையவழியிற் கற்றதும் கற்பித்ததும்



ஹெவ்லொக் டவுனிலுள்ள என் வீட்டு யன்னலைத் திறந்தால் முதலிற் கண்ணிற் படுவன வானளாவிய மாடிக் குடியிருப்புக்களே. முன்னாளில் வெள்ளவத்தை நெசவாலை இருந்த நிலத்தில் அவை இன்று எழுந்து நிற்கின்றன. அங்கே இணையத்துக்குக் குறைவில்லை. அங்கிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில், கிருலப்பனைப் பக்கத்துக் கால்வாயோரத்தில், ஒரு கைத்தொலைபேசியை ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. இவ்விரு வகை வீடுகளிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பறையில் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். வகுப்பறையில் இருக்கும்வரை அவர்களுக்கிடையே உள்ள தூரம் எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே கரும்பலகை, ஒரே வெண்கட்டி. இணையவழியிற் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அந்தத் தூரம் புலனாயிற்று. அந்த அநுபவத்தைச் சொல்லுமுன், இணையத்தை நான் கற்ற கதையைச் சற்றே சொல்லவேண்டும்.

கணினியின் முன் நான் முதன்முதல் அமர்ந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. எனக்குக் குருவாக வாய்த்தவன் என் மாணாக்கன் ஒருவன். நான் தமிழில் வினாத்தாள் ஒன்றைத் தட்டெழுதி, மின்னஞ்சலில் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அக்காலத்தில் இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவிலேயே அதனை எழுதியிருந்தேன். அவ்வெழுத்துரு அவர் கணினியில் இல்லை. ஆகவே நான் 'அம்மா' என்று எழுதியது அவரிடம் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாய்ப் போய்ச் சேர்ந்தது. "என்ன பாஷை இது?" என்று அவர் தொலைபேசியிற் கேட்டார். பாமினியில் உள்ளிருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ் உருவம். போர்வை இல்லாத இடத்தில் உள்ளிருப்பது வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனக்கெனக் குறியெண் வழங்கும் யூனிகோட் முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அது எங்கள் பாடசாலை மேசைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன.

எழுத்துத் தொல்லை நீங்கியபின் சொல்லிலே ஒரு தொல்லை வந்தது. இதைப்பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வெளியார் பலர் இதனை அறியார். இலங்கையிற் சுயமொழிக் கல்வி வேரூன்றிய காலத்தில் விஞ்ஞானத்துக்கு நாம் ஆக்கிக்கொண்ட கலைச்சொற்கள் ஒருவகை. தமிழ்நாட்டிற் பாடநூல்களில் இன்று வழங்குவன வேறொருவகை. நாம் ஒட்சிசன் என்போம். அவர்கள் ஆக்சிஜன் என்பர். நமக்கு இரசாயனவியல், அவர்களுக்கு வேதியியல். நம்முடைய பௌதிகவியல் அங்கே இயற்பியல். நமது கலம் அங்கே செல். நமது இழையம் அங்கே திசு. நமது நுணுக்குக்காட்டி அங்கே நுண்ணோக்கி. ஒளித்தொகுப்பு என்று நான் கற்பித்ததை, என் மாணவி ஒருத்தி இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "சேர், இதிலே மிகக் கொஞ்சமே இருக்கிறது" என்றாள். ஒளிச்சேர்க்கை என்று தேடும்படி சொன்னேன். பக்கம் பக்கமாக வந்தது. அவள் மகிழ்ந்தாள், பரீட்சையிலும் அவ்வாறே எழுதிவிடுவாளோ என்று நான் அஞ்சினேன்.

அன்றிரவே ஓர் அப்பியாசக் கொப்பியில் இரு நிரல் கீறி, இடப்பக்கம் நம் சொல்லும் வலப்பக்கம் அவர்கள் சொல்லுமாக எழுதத் தொடங்கினேன். இணையத்திற் பாடம் நடத்த நான் செய்த முதல் ஆயத்தம் அந்தக் கொப்பிதான். ஈழத்தவரான இ. மயூரநாதன் 2003ஆம் ஆண்டில் தொடக்கி வளர்த்த தமிழ் விக்கிப்பீடியாவும், 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளமும் அக்கொப்பியை நிரப்ப எனக்குப் பெரிதும் உதவின. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த செய்தியைக் கேட்டுக் கலங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பழைய விஞ்ஞானப் பாடநூல் ஒன்றைத் திரையிற் புரட்டியபொழுது என் கை சிறிது நடுங்கியதை மறைப்பானேன்?

இவ்வளவும் கற்றவன் என்ற துணிவோடு இருந்தபோதுதான் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வந்தது. கொரோனா நோயின் காரணமாக மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்துள் ஊரடங்கும் வந்தது. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்திற் பாடங்கள் இருந்தன. தொலைக்காட்சியில் 'குரு கெதர' நிகழ்ச்சி ஆரம்பமாகித் தமிழ்ப் பாடங்களும் ஒளிபரப்பாயின. நானோ சூம் வகுப்பு நடத்தப் புறப்பட்டேன். படங்கள், அசையும் சித்திரங்கள், வர்ணக் கோடுகள் எல்லாம் ஆயத்தம். வகுப்பிற் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். முதல்நாள் வந்தவர்கள் பதினேழு பேர்.

பதினேழு பேர் என்றாலும் நான் கண்டவை பதினேழு கறுப்புக் கட்டங்களே. முகத்தைக் காட்டினால் டேட்டா விரைவிற் கரைந்துவிடும் என்று அவர்கள் கமராவை மூடிவைத்திருந்தனர். நான் பேசினேன், கட்டங்கள் பேசவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லை என்பதை அதன் புருவம் சொல்லிவிடும். இங்கே புருவம் எங்கே? என் அழகிய சித்திரங்களைப் பற்றி நான் பெருமைப்பட்டுக் கொண்டிருந்த அவ்வேளையில், கால்வாயோரத்துப் பையன் ஒருவன் முதல் மூன்று வாரமும் ஒரு நாளேனும் வரவில்லை என்பதை நான் கவனிக்கவேயில்லை. வகுப்பறையில் ஒரு வாங்கு வெறுமையாய் இருந்தால் முதல் நாளே கண்ணிற் பட்டிருக்கும். திரையில் வராதவனுக்குக் கட்டமும் இல்லை. இது என் தவறு. கருவியின்மேற் போட்டுத் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

விசாரித்தபோது விடயம் எளிது. அவ்வீட்டில் இருந்தது தகப்பனாரின் கைத்தொலைபேசி ஒன்றே. அவர் மரக்கறி லொறியோடு காலையிற் போனால் இரவு எட்டு மணிக்கே திரும்புவார். என் வகுப்போ காலை பத்து மணிக்கு. அக்காலத்தில் இலங்கையில் ஏறத்தாழ ஐந்திலொரு குடும்பத்திடமே கணினி இருந்தது. இதனை அறிந்திருந்தும், பத்து மணி என்று வகுப்பை வகுத்தவன் நானே.

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது கொத்மலை நினைவுக்கு வந்தது. நேயர்களிற் சிலர் அறிந்திருப்பீர்கள்: 1999ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோவின் துணையோடு கொத்மலைச் சமுதாய வானொலியில் ஒரு முயற்சி நடந்தது. கிராமத்தவர் தம் ஐயங்களை வானொலி நிலையத்துக்கு அறிவிப்பர். நிலையத்தார் அவற்றுக்குரிய விடைகளை இணையத்தில் தேடியெடுத்து, மக்கள் பேசும் மொழியில் வானொலியில் விளக்குவர். கேட்பவர் வீட்டிற் கணினி வேண்டியதில்லை. வானொலிப் பெட்டி ஒன்றே போதும். உலகத்துச் செல்வமெல்லாம் குரலாக இறங்கி வந்தது.

நானும் படங்களைக் கட்டிவைத்துவிட்டுக் குரலுக்குத் திரும்பினேன். ஒரு பாடத்தை ஆறு நிமிடமாகச் சுருக்கிப் பேசி, வட்ஸ்அப்பில் இரவு எட்டரை மணிக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. ஆறு நிமிடக் குரலுக்கு ஆகும் டேட்டா மிகச் சொற்பம். எப்பொழுதும் கேட்கலாம், திரும்பவும் கேட்கலாம். படமின்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். 'இதோ பாருங்கள்' என்ற சொற்றொடரை நாவிலிருந்து அகற்றவே இரண்டு வாரமாயிற்று. பார்ப்பதற்குப் பதிலாக, வீட்டிலுள்ள பொருளைக் கொண்டு செய்து பார்க்கும்படி சொன்னேன்.

ஒளித்தொகுப்புப் பாடத்துக்கு இவ்வாறு சொன்னேன்: கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, அப்பொழுது பறித்த பச்சை இலை ஒன்றை அதனுள் அமிழ்த்தி, வெயிலில் ஒரு மணிநேரம் வையுங்கள், இலையிற் சிறு குமிழிகள் தோன்றும், அவை ஒட்சிசன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நான் சொல்லிவந்த பாடம் இது. எவரும் மறுத்ததில்லை.

மறுநாள் இரவு கால்வாயோரத்துப் பையனின் குரல் வந்தது. பின்னணியில் நாய் குரைக்கும் ஓசை. "சேர், தங்கச்சியும் தனக்கு ஒரு கிளாஸ் வேண்டும் என்று அழுதாள். வெறும் தண்ணீரை ஊற்றிப் பக்கத்திலே வைத்துக் கொடுத்தேன். அதிலேயும் குமிழி இருக்கிறது, சேர். அதிலே இலை இல்லையே?"

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அன்றிரவு நெடுநேரம் இணையத்தில் தேடினேன். நீரில் இயல்பாகவே காற்று கரைந்திருக்கும். வெயிலில் நீர் சூடேறும்பொழுது அது குமிழியாய் வெளிப்பட்டுக் கண்ணாடியிலும் ஒட்டும், இலையிலும் ஒட்டும். ஆகவே இலையிற் கண்ட குமிழி யாவும் ஒட்சிசன் என்று நான் இவ்வளவு காலமும் சொன்னது பிழை. வகுப்பில் நான் காட்டிய குவளையை மட்டுமே பிள்ளைகள் பார்த்தார்கள். ஆகவே வெறுங் குவளையைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

அடுத்த பாடத்தை அந்தப் பையனின் கேள்வியோடு தொடங்கினேன். நான் பிழையாகச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். பிறகு, இரண்டு குவளைகளிலும் இலையிடுங்கள்; ஒன்றைத் தடித்த கறுப்புத் துணியால் மூடுங்கள்; இரண்டையும் ஒரே வெயிலில் வைத்துக் குமிழிகளை எண்ணுங்கள் என்றேன். அந்தக் கிழமையில் இருபத்தொன்பது பேரிடமிருந்து எண்ணிக்கை வந்தது. மூடிய குவளையிற் குமிழி குறைவு என்று பெரும்பாலோர் கூறினர். வேறுபாடு காணவில்லை என்று நால்வர் கூறினர்.

எல்லோர்க்கும் பிந்தி, இரவு ஒன்பது மணிக்குமேல், கால்வாயோரத்துக் குரல் வந்தது. தன் வீட்டிற் கறுப்புத் துணி இல்லையென்றும், தகப்பனாரின் லொறிப் படங்கினால் மூடியதாகவும், அப்பா அதைத் தேடிக்கொண்டு வந்துவிட்டதால் ஒரு மணிநேரம் முடியுமுன்பே எண்ண நேர்ந்ததென்றும், ஆகவே அந்த எண்ணிக்கையைத் தான் எழுதவில்லையென்றும், நாளைக்குத் திரும்பவும் செய்து அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தான்.