பீடியும் வரியும் நம் வீட்டுக் கணக்கும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



புகையிலை மீது வரி உயரும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், "பீடி சுற்றும் ஏழையின் வயிற்றில் அடிக்கலாமா?" என்று உருகுவோர் பலர். அந்த ஏழை நாம்தாம். ஆதலின் நம் பெயரால் காட்டப்படும் கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

வரவு என்ன? வேலூரிலும் நெல்லையிலும் தென்காசியிலும் நம் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக் குனிந்தால் நிமிர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே. ஒப்பந்தக்காரர் தந்த இலை சொத்தையாயின் அக்குறையை ஈடுசெய்ய வேண்டியவள் அவளே. கழிவென ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டம் பீடித் தொழிலில் சிறுவரை ஈடுபடுத்தத் தடை விதித்தது. ஆனால் குடும்பத்தாரோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கும் அளித்தது. நம்மில் எத்தனை பேர் அந்த விலக்கிற்குள் வளர்ந்தோம்!

செலவைப் பார்ப்போம். மனைவி சுற்றுகிறாள், கணவன் புகைக்கிறான். இருமலால் வேலைக்குப் போகாத நாள்களை எவரும் எழுதி வைப்பதில்லை. புகையிலையால் 2017-18ஆம் ஆண்டில் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 1.77 இலட்சம் கோடி ரூபாய் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். அதில் பெரும்பங்கு மருத்துவச் செலவன்று. நோயாலும் அகால மரணத்தாலும் வீணான உழைப்பேயாகும்.

இனி வரி. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் பீடி மீது தொழிலாளர் நலத்திற்கென்றே ஒரு மேல்வரி வந்தது. மருத்துவமனையும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் அதனால் நடந்தன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 விழுக்காடு விதித்தனர். நமக்கென இருந்த மேல்வரியோ நீங்கிற்று. உதவித்தொகை அரசின் பொதுநிதியை எதிர்பார்க்கலாயிற்று. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் அந்த 28ஐ 18 ஆக்கப் பரிந்துரைத்தது. குறையும் பத்தில் சுற்றுபவளின் கூலிக்கு எவ்வளவு என்று நாம் கேட்டோமா?

வரி கூடாதென்பது நம் வாதமன்று. புகைப்பவன் தரும் காசில் ஒரு பகுதி, சுற்றுபவளின் பிள்ளைக்குப் பள்ளியாகவும் அவளுக்கு வேறு தொழிலாகவும் திரும்ப வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதற்கு நம் பெயர் ஏட்டில் இருத்தல் வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இல்லாத வீட்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழியில்லை. அட்டையில்லாத தாய்மார்களின் பெயர்களைத் தெருவாரியாக எழுதித் தர இளைஞர்கள் பதின்மர் இன்று மாலை முன்வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.