முதலில் டெர்மினலைப் பாருங்கள்

சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் படகு ஏறி, புலாவ் உபின் தீவுக்குப் போயிருப்பீர்கள். சொந்தமாகச் சின்ன மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

சாவியைத் திருப்புகிறீர்கள். 'டிக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் கிளம்பவில்லை. உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முதலில் பேட்டரியின் டெர்மினலை, அதாவது கம்பி மாட்டும் முனையைப் பாருங்கள். உப்புக் காற்றில் அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கலாம். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்துக்கொண்டால் வருமா? மின்சாரமும் அப்படித்தான்.

எல்லா சுவிட்சையும் அணையுங்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்து காற்றோட விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கம்பிகளைக் கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். சமையல் சோடா கரைத்த நீரால் தேயுங்கள். அது பேட்டரிக்குள் போகக் கூடாது. நன்றாக உலர்த்தி, இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

அப்புறமும் கிளம்பவில்லையா? அப்போது பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். நடுக்கடலில் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. அதனால் கரையிலேயே, புறப்படும் முன்பே, டெர்மினலைப் பாருங்கள்.