ஜாம் போத்தல் விளக்கும் துளிக் கணக்கும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நெருக்கடிக் காலத்தில் தாதியர் கல்வித் தலைமைத்துவம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்புப் பெரிது. எனக்குத் தெரிந்ததோ எங்களுக்குப் படிப்பித்த மூத்த போதனாசிரியர் ஒருவரைத்தான். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார்.

1990 ஜூனுக்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. இந்தப் பாடசாலை விடுதியில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் படித்தோமே, தாதியர் பயிற்சியிலும் எனக்கு அதே விளக்குத்தான். சேலைன் துளி எண்ணப் பழகியது அந்த வெளிச்சத்தில். 500 மில்லிலீற்றர், 4 மணித்தியாலம், மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42. கூட விட்டால், "பிள்ளை, அந்த மனிசன்ரை நெஞ்சுக்குள்ள தண்ணி நிரப்பிப்போட்டீர்" என்பார்.

ஓரிரவு காயக்காரர் குவிந்தார்கள். அனுபவமுள்ள தாதியர் பலர் ஏற்கெனவே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிருந்த காலம். மாணவிகள் அத்தனை பேரையும் வாட்டுக்கு அனுப்பும்படி ஆள் வந்தது. "மூன்றாம் வருசப் பிள்ளையளோட நானும் வாறன். முதலாம் வருசம் வராது" என்றார்.

முதலாம் வருசம் நாங்கள். ஊசி போடக் கையொப்பம் கிடைக்காதவர்கள். சனம் துடிக்கும்போது நாங்கள் பண்டேஜ் சுற்றிக்கொண்டும், விறகடுப்பில் கருவிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டும் இருந்தோம். எனக்கு அழுகையும் கோபமும். விடிய வந்தார், முகம் கழுவினார், எட்டு மணிக்கு வகுப்பெடுத்தார்.

அது சரியா என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் என் கூட்டாளிகள் இன்றும் தொலைபேசியில் சண்டை பிடிப்பார்கள். நான் அவர் பக்கம். ஆனால் எல்லா நாளும் அல்ல.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவர் சுமந்து வந்தது எங்கள் செய்முறைப் பதிவுக் கொப்பிகளை. உடுப்புப் பை வீட்டிலேயே கிடந்தது.

2020இல் கொரோனா வந்தபோது நான் போதனாசிரியர். மாணவிகள் வீட்டில், வகுப்பு சூமில். தலையணைக்கு ஊசி போட்டுக் காட்டிவிட்டு, "மிஸ், இது காணாதா?" என்று கேட்டார்கள். காணாது என்றேன். திரும்பி வந்தபின் ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் செய்வித்தேன். நாள் இழுபட்டது, பெற்றோர் குறைப்பட்டார்கள்.

ஒருத்தி மூன்றாம் முறையும் துளியைப் பிழையாக எண்ணினாள். தலைக்கு மேலே நல்ல மின்விளக்கு. "பிள்ளை..." என்று தொடங்கினேன், மிச்சம் தானாகவே வாயில் வந்தது.