ஐந்து வோல்ட்டுக்கு மேலே

தோட்டத்து வீட்டைக் காலி செய்து டவுனுக்கு வந்தபோது கட்டிவைத்த பெட்டிகளில் ஒன்றைப் பிரிக்கிறீர்கள். உள்ளே ஒரு கமோடோர் 64. 1982-இல் வெளிவந்த கணினி. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடக்கம், டிவியோடு இணைத்தால் போதும். தூசு தட்டியதும் கை பிளக்கைத்தான் தேடும். "போட்டுத்தான் பார்ப்போமே" என்று தோன்றும். போட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சுவருக்கும் கணினிக்கும் நடுவில் கனமான ஒரு பெட்டி இருக்கிறதே, அதுதான் பவர் சப்ளை. வீட்டுக் கரண்டை வாங்கி இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது: 5 வோல்ட் நேர்மின்சாரம், 9 வோல்ட் மாறுமின்சாரம். பெரும்பாலான சில்லுகளுக்குப் போவது அந்த 5 வோல்ட். 4.75-க்குக் கீழே போனால் கணினி தடுமாறும், 5.25-ஐத் தாண்டினால் சில்லுகளுக்கு ஆபத்து. இந்த அளவைக் கட்டிக்காப்பது ரெகுலேட்டர் என்ற சின்னப் பொருள்.

ஒற்றைச் சில்லில் 5 வோல்ட் ரெகுலேட்டரை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் முக்கியமானது. அதன் ஆலை ஒன்று 1970-களில் நம் மலாக்கா பத்து பெரெண்டாமுக்கு வந்தது. 2011-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. பால்வெட்டுக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரப் போன காலம் அந்த எழுபதுகள். பழைய கணினி எதையாவது திறந்தால் சில்லுகளின் முதுகைப் பாருங்கள். "மலேசியா" என்று அச்சடித்தது ஒன்றிரண்டாவது கண்ணில் படும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கமோடோர் கம்பெனி அந்தப் பவர் சப்ளைப் பெட்டியைப் பிசின் ஊற்றி இறுக்கிவிட்டது. சூடு வெளியேற வழியில்லை, திறந்து ரிப்பேர் செய்யவும் வழியில்லை. என்னைக் கேட்டால் கஞ்சத்தனமான வேலை. சூட்டிலேயே வெந்து கிடக்கும் ரெகுலேட்டர் கெட்டுப்போகும்போது பல நேரம் கரண்டை நிறுத்துவதில்லை. தடுக்க முடியாமல் அப்படியே விட்டுவிடுகிறது. ஐந்து ஆறாகும், ஏழாகும். முதல் பலி பெரும்பாலும் நினைவகச் சில்லுகள்தான்.

ஜெனரேட்டர் கரண்டில் வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு வோல்ட்டேஜ் குறைவதுதான் பழக்கமான தொல்லை. பல்பு மங்கும், ஃபேன் இழுக்கும். மங்காமல் எரிந்தால் நிம்மதி. ஜாசின் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் அந்த நிம்மதியைத்தான் பார்த்தேன். தோட்டத்துக் கிராணியாக இருந்தவர். தன் கமோடோரைக் காட்டி, "சிவப்பு லைட்டு நல்லா எரியுது தம்பி, சப்ளையில கோளாறு இல்ல" என்றார்.

கணினியிலிருந்து வயரைக் கழற்றினேன். ஏழு ஊசிப் பிளக். மல்டிமீட்டரை நேர்மின்சாரம், 20 வோல்ட்டில் வைத்து, ஊசிகள் ஒன்றோடொன்று உரசாமல் தொட்டதும் 5.1 காட்டியது. பெரியவர் சிரித்தார். வேலை எதுவும் இல்லாமல் இருக்கும் சப்ளை அப்படித்தான் நல்ல பிள்ளையாகக் காட்டும். ஐந்து ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே மாட்டினேன். கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும். அந்த வீட்டு அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் 5.4. பெட்டி கை வைக்க முடியாத சூடு. 5.8-ஐத் தொட்டதும் சுவிட்சை அடைத்துவிட்டேன்.

"அப்போ லைட்டு எரிஞ்சுதே தம்பி?"

"ஏழு வோல்ட் குடுத்தாலும் லைட்டு எரியும் ஐயா. இன்னும் பளிச்சுன்னு எரியும்."

செத்துப்போன சப்ளை யாருக்கும் தீங்கு செய்யாது. பாதி உயிரோடு இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மற்ற அறிகுறிகளும் உண்டு. திரையில் பட்டை பட்டையாக மேலே ஊர்ந்தால், கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். லைட் எரிந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், 9 வோல்ட் வருகிறதா பாருங்கள். கணினிக்குள் இருக்கும் 1.5 ஆம்பியர் ஃபியூஸ் போயிருக்கவும் கூடும். எதுவுமே எரியவில்லை என்றால் முதலில் மூன்று ஊசிப் பிளக்கைத் திறந்து அதிலுள்ள ஃபியூஸைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியா? அடியில் 120 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம் சுவரில் சொருகவே கூடாது. நம் கணக்கு 240. 2008 முதல் காகிதத்தில் 230.

நம் பக்கம் புழங்கிய ஆப்பிள் டூவும் அதன் நகல்களும் வேறு சாதி. ஆப்பிள் டூவில் இருப்பது 1977-இல் ஆப்பிள் பொறியாளர் ராட் ஹோல்ட் வடிவமைத்த சுவிட்சிங் சப்ளை. எங்காவது ஷார்ட் இருந்தால் "டிக் டிக்" என்று அடித்துக்கொண்டு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஆனால் அந்த உலோகப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். சில பழைய சப்ளைகளில் காகிதக் கெப்பாசிட்டரும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் விரிசல் விட்டு, ஒரு நாள் நாற்றமெடுக்கும் புகையைக் கக்கும். படித்த எலெக்ட்ரிஷியனிடம் கொடுங்கள்.

கமோடோருக்கு ஃபோன் சார்ஜர் சரிப்படுமா என்று கேட்பவர்கள் உண்டு. சரிப்படாது, 9 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு எங்கே போவீர்கள்? புதிதாகச் செய்து விற்கும் சப்ளை வாங்குங்கள். வோல்ட் ஏறினால் தானே வெட்டிவிடும் வகையாக இருக்கட்டும். அதையும் முதலில் மீட்டரில் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். நீலத்திரையின் உச்சியில் 38911 என்ற எண் வந்தால் நினைவகம் தப்பித்தது. அதற்குக் குறைந்த எண் வந்தால் சில்லு ஏதோ ஒன்று போயிருக்கிறது. அது சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறதா, பலகையில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்; கூலி அதைப் பொறுத்தது.